மாப்பிள்ளை பேருக்குக் கீழே ஒரு வரி

"சும்மா குடுக்கிற சாமானுக்கு ஏனடி இவ்வளவு ஏச்சு வாங்கிறாய்?" என்று றஞ்சிதாவை அவளுடைய அக்கா ஒருமுறை கேட்டிருந்தாள். போனில் வரும் தமிழை அச்சகங்களின் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக் கொடுக்க றஞ்சிதா எழுதிய நிரல் அது. யாரும் எடுத்துப் பாவிக்கலாமென்று இணையத்தில் திறந்து கிடந்தது. பிழை வந்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டு அலுத்துப்போனவள், புது நிரலொன்றும் வந்துவிட்டதால், இன்று பழசை மூடியே விடுவதென்று விடத்தல்தீவு வீட்டில் கணினிக்கு முன்னால் உட்கார, மன்னாரிலிருந்து அச்சகத்துத் தோமஸ் போனில் அழைத்தார்.

"ஹலோ... ஓம், ஓம், நான் றஞ்சிதாதான், தோமஸ் அண்ணை... கத்தாமல் சொல்லுங்கோ... கலியாணக் கார்டிலையோ?... எங்கை, மாப்பிள்ளையின்ர பேருக்குக் கீழையோ!... வாசியுங்கோ பாப்பம்... 'இது மிகவும் பழையது. இனிப் பாவிக்க வேண்டாம். புதியதற்கு மாறவும்.'... ஐயோ மாதாவே!... இல்லை அண்ணை, சிரிக்கேல்லை, இருமல்...

"அது நான் போட்ட அறிவித்தல். நிரலை மூடப்போறன் எண்டு, மாத்திற ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலை வரும்... மாதக்கணக்கா வருதே!... இவ்வளவு நாளும் அழிச்சுப்போட்டு, இதை மட்டும் வாசிக்காமலே அடிச்சனீங்களோ?... பொம்பிளை வீட்டுக்கு ஒண்டு போயிட்டுதோ? மற்றதெல்லாம் கடையிலைதானே? அப்பாடா...

"ஆர்? மாப்பிள்ளையின்ர அம்மாவோ? ஐயோ, என்னட்டைக் குடுக்காதேங்கோ... அண்ணை..."

அறிமுகமில்லாதவர் குரல் கேட்டதும் றஞ்சிதா தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

"வணக்கம் அம்மா... ஓம்... ஓம் அம்மா... பழசு எண்டது என்ர நிரலை, உங்கட மகனை இல்லை... பொம்பிளை வீட்டிலை சிரிச்சவையோ?... அவருக்கு எத்தினை வயசு?... நாற்பத்தொண்டோ... இல்லை அம்மா, இருமல்தான்... பின்னேரத்துக்குள்ளை திருப்பி அடிக்கலாம். ஆனால் தோமஸ் அண்ணை புது நிரலுக்கு மாறோணும். நான் சொன்னால் கேக்கமாட்டார், நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ..."

அந்த அம்மா தோமஸுக்குச் சொன்னது, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் கேட்டது.

"அண்ணை?... ஏச்சு முடிஞ்சுதோ?... நான் அனுப்பின புதுசைத் திறவுங்கோ... ஓம், அதுதான்... ஒட்டுங்கோ... அமத்துங்கோ... வந்திட்டுதோ? அடியிலை வரி கிரி?... இல்லையெல்லோ!...

"பழசும் ஒரு பக்கத்திலை கிடக்கட்டுமோ? போன வருசமும் இதைத்தானே சொன்னனீங்கள்... இல்லை அண்ணை... அழுதாலும் இல்லை... இந்தா மூடுறன்... மூடிப்போட்டன்!

"அண்ணை?... கோவமோ?... ஹலோ?"

போனை மேசையில் அப்படியே வைத்துவிட்டு, தோமஸ் எழுந்து போயிருந்தார். போனில், சற்றுத் தள்ளி, அச்சு இயந்திரம் ஓடத் தொடங்குவது றஞ்சிதாவுக்குக் கேட்டது.