எப்படிக் கிடைத்தது

முந்நூறு மாதிரி ரயில் இன்ஜின்கள் வைத்திருப்பவனுக்கு எது இருக்கிறது, எது இல்லை என்பது மனத்தில் நிற்காது. கோல்பர்னில் எங்கள் மாதிரி ரயில் சங்கத்து ஆட்கள் எல்லோர் சட்டைப் பையிலும் ஒரு கைக்கணினி இருப்பது அதனால்தான். கண்காட்சிக்குப் போனால் முதலில் அதைத் திறந்து பட்டியலைப் பார்ப்போம். இருப்பதையே மறுபடி வாங்கி வந்தால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் அதில் நான்கு கட்டங்கள்: பெயர், இருக்கும் இடம், எப்படிக் கிடைத்தது, குறிப்பு. இது புரிந்தால் மற்றதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஆல்வின் பாஸ்கோவும் நானும் முப்பத்தொரு வருட நண்பர்கள். அந்தப் பச்சை இன்ஜின் பாதர்ஸ்ட் கண்காட்சியில், ஒரு மேசைக்கு அடியில் கிடந்தது. கையால் செய்த பித்தளை உடம்பு. மொத்தமே பன்னிரண்டுதான் செய்திருந்தார்கள். முதலில் பார்த்தவன் நான். அது என்னிடம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பழக்கதோஷம், பட்டியலைத் திறந்து தேடினேன். நிமிர்ந்தபோது பெட்டி ஆல்வினின் கக்கத்தில் இருந்தது.

"நீ பாத்துட்டே இருப்பா. நான் வாங்கிட்டேன்," என்றான்.

அடுத்த வியாழக்கிழமை, சங்கத்தில் தேநீர் குடிக்கும்போது, எல்லோருக்கும் தன் கைக்கணினியிலிருந்து படித்துக் காட்டினான். "எப்படிக் கிடைத்தது: நெவில் லிஸ்ட் பாத்துட்டு இருந்தப்ப." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஆறு வருடம், புதிதாக யார் சேர்ந்தாலும் ஆல்வின் அந்த வரியைப் படித்துக் காட்டுவான். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு அவனுக்குக் கண் மங்கியது. சின்ன எழுத்துகள் தெரியவில்லை. "நீயே ஏத்திடுடா நெவில், உன்னை விட்டா யாரு," என்று கைக்கணினியை என்னிடம் கொடுத்துவிடுவான். இரண்டு வருடம் ஒழுங்காகத்தான் ஏற்றினேன். ஒரு வியாழக்கிழமை ஓர் இன்ஜினைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஒன்றே ஒன்று. மறு மாதம் அதையே வாங்கி வந்து, வீட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டு விழித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு இதமாக இருந்தது.

அப்புறம் அவனிடம் இல்லாதவற்றைப் பட்டியலில் சேர்த்தேன். அலமாரி அவன் கண்ணெதிரேதான் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் அலமாரியை நம்புவதில்லை, பட்டியலைத்தான் நம்புவோம்.

"நீதான, மொரீன், அதை எடுத்துப் பழசு வாங்குற தர்மக் கடைக்குக் குடுத்துட்ட?" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறான்.

"அப்படி ஒண்ணு நம்ம வீட்டுல இருந்ததே இல்லையே, ஆல்வின்."

மொரீன் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். டாக்டரிடம் காட்டும்படி சொன்னதும் நான்தான். ஏற்கெனவே பயந்துபோன மனிதன் எந்தக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லமாட்டான். ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறது என்றார்கள். முதியோர் இல்லத்தில் சேர்த்த அன்று அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான்.

பச்சை இன்ஜினை மொரீன் எனக்குத் தந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தினமும் அதைத் தூசி தட்டி அலமாரியிலேயே வைத்திருந்தாள். "அவர் திரும்பி வருவார்ல, நெவில்," என்றாள்.

அவள் சொன்னது சரிதான். இல்லத்தில் இன்ஜின்களும் இல்லை, அவற்றைத் தேடும் வேலையும் இல்லை. ஆல்வின் தெளிய ஆரம்பித்தான். ஆகஸ்டில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னார். இங்கே ஜூலைதான் கடுங்குளிர்; அந்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் பார்க்கப் போனபோது நல்ல உற்சாகத்தில் இருந்தான்.

"வீட்டுக்குப் போனதும் மொத வேலை, புதுசா சேந்தவங்களுக்கு அந்தப் பச்சை இன்ஜின் கதையச் சொல்லணும்டா," என்றான். "உன் மூஞ்சி இருந்த இருப்பு இருக்கே."

பட்டியல் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கச் சொல்லிக் கைக்கணினியையும் நீட்டினான். பார்த்தேன். பச்சை இன்ஜினுக்கு, இருக்கும் இடம் என்ற கட்டத்தில் 'ஆற்றுக்கு அப்பால், பழைய சரக்குக் கொட்டகை' என்று போட்டேன். குறிப்பில் 'இன்று மாலை கொட்டகையைக் காலி செய்கிறார்கள். இல்லத்து வாசல் கதவைத் திறக்கும் எண் 4471' என்று எழுதினேன். அவன் கண்ணுக்குச் சிரமமில்லாமல் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தேன்.

"பச்சை இன்ஜின் வீட்டுலதான் இருக்குன்னு மொரீன் சொன்னாளே," என்றான்.

"லிஸ்ட்ல என்ன போட்டிருக்குன்னு பாரு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஐந்து மணிக்கு, வீட்டுச் செருப்போடு, ஸ்வெட்டர்கூட இல்லாமல் வெளியே போயிருக்கிறான். மறுநாள் காலையில், நாயோடு நடக்க வந்த ஒரு பெண் கொட்டகைக்குப் பின்னால் அவன் உடலைப் பார்த்தாள். அன்று இரவு குளிர் பூஜ்யத்துக்கு ஆறு டிகிரி கீழே. அவ்வளவு குளிருமென்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மதியமே என் எலுமிச்சைக் கன்றுக்குச் சாக்கு போட்டு மூடிவிட்டுத்தான் அவனைப் பார்க்கப் போனேன்.

அடக்கம் முடிந்த வாரம் மொரீன் பெட்டியோடு வந்தாள். "கடைசி வரைக்கும் வந்து பாத்தது நீ ஒருத்தன்தான். இது உங்கிட்டதான் இருக்கணும்," என்றாள். வாங்கிக்கொண்டேன்.

திருத்திய நேரம் அந்தக் கைக்கணினியில் பதிவாகும் என்பது அவர்கள் மகள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்த பிறகுதான் எனக்கே தெரியும். மூன்று பத்து. இல்லத்து வருகை ஏட்டில் மூன்று மணிக்கு என் கையெழுத்து. ஆமாம், நான்தான். அவன் போவான் என்று தெரிந்துதான் எழுதினேன். ஆனால் பொறாமையில் செய்தேன் என்று மட்டும் போடாதீர்கள். அதெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

வேண்டுமானால் என் கைக்கணினியைத் திறந்து பாருங்கள், உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. கடைசியாக ஏற்றியது பச்சை இன்ஜின். இருக்கும் இடம்: என் அலமாரி, மேல் தட்டு. எப்படிக் கிடைத்தது: நண்பன் ஆசையாகக் கொடுத்தது.