மூணு மணி வரைக்கும்

—இன்னொரு தடவை சொல்லுங்க தாசோனி அக்கா. வஹீபோட அம்மா, அந்த உம் வஹீப், மூணு மணி வரைக்கும் ஒண்ணுமே சாப்பிட மாட்டாங்களா?

—ஆமா டாக்டரம்மா. கன்னிமாதா நோன்பு தொடங்கி இன்னைக்கு ஒன்பதாம் நாளு. இந்த ஊருப் பொம்பளைங்க பாதிப்பேரு அப்படித்தான். மூணு மணிக்கு மேல ரொட்டியும் உப்பும். அந்த மருந்துப் பெட்டியை இறுக்கிப் பிடி, கயித்தைக் கட்டிடுறேன்.

—தண்ணி?

—தண்ணியும்தான். என்ன, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?

—கயித்தை விடுங்க. அவங்க வீடு எங்க இருக்கு?

—கால்வாய்க்கு அந்தாண்ட, கரும்புக்காட்டைத் தாண்டி. கெய்ரோ பஸ் ஒரு மணிக்குக் கிளம்புது, யுஸ்தினா. ஞாபகம் வெச்சுக்க.

—பஸ் போகட்டும். நேத்து சோதிச்சப்ப அவங்களுக்குச் சர்க்கரை முந்நூத்தி எண்பது. ராத்திரி ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான்தான் மாத்தினேன், காலையில ரெண்டுன்னு. படிக்கத் தெரியாதுன்னு பையில ஒரு சூரியன் படம் போட்டு, கீழ ரெண்டு வட்டம் வரைஞ்சு குடுத்தேன்.

—அழகாத்தான் வரைஞ்சிருந்தே. அதுக்கென்ன?

—வெறும் வயித்துல போட்டா ஆளையே சாய்ச்சிடும் தாசோனி. ரத்தத்துல இருக்கிற சர்க்கரையெல்லாம் இறங்கிடும். காலையில ஆறு மணிக்குப் போட்டிருந்தா, இப்ப பன்னெண்டு ஆகுது. விழுந்து கிடக்கிறாங்களோ என்னவோ.

—ரெண்டும் போட்டிருந்தாத்தானே?

—ஒண்ணே போதும். அவங்க வீட்டுக்குப் போன் அடிங்க.

—போனுக்கு எங்க போறது? புருசன் போயிட்டான். மகன் வஹீபு குவைத்துல கொத்து வேலை. அவளும் ஒரு எருமை மாடும்தான் வீட்டுல.

—அப்ப கீழ விழுந்தாக்கூட யாருக்கும் தெரியாது.

—கன்னிமாதா இருக்கா. வா, குறுக்கு வழியில போயிடலாம். பையை நான் தூக்கிக்கிறேன்.

—வேணாம், நானே தூக்கிக்கிறேன். குளுக்கோஸ் பொட்டலம் இதுலதான் இருக்கு. இந்தப் பாலத்து வழியாவா?

—பாலம் இடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. கரையோடவே வா, மேல இன்னொரு பாலம் இருக்கு. வரப்புல பாத்துக் கால் வையி, உங்க அமெரிக்கா ஜெர்சி நடைபாதை இல்ல இது.

—நான் கேட்டேன் தாசோனி. சாப்பிட்டுத்தானே போடுவீங்கன்னு கேட்டேன். நல்லா தலையாட்டினாங்க.

—பின்ன என்ன செய்வா? எங்களுக்காக ஏழு கடல் தாண்டி மருந்து கொண்டாந்திருக்கே. உன் முன்னால இல்லைன்னு சொல்ல வாய் வருமா? அதுவும் போக, நான் நோன்பு இருக்கேன் நோன்பு இருக்கேன்னு தம்பட்டம் அடிச்சா அது நோன்பா? பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரியக் கூடாது.

—உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே.

—எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்க மாட்டோம்.

—வேற டாக்டரா இருந்தா தெரியாம செஞ்சுட்டாங்கன்னு விட்டுடலாம். நான் கோப்டிக் கிறிஸ்தவப் பொண்ணு. எங்கம்மா பொறந்தது பக்கத்து ஊருல. கிளம்பும்போது பாதிரியார் எங்க டாக்டர் குழு பத்தொன்பது பேர் தலையிலயும் கை வெச்சு ஜெபம் பண்ணி அனுப்பினார், உங்க சொந்த ஜனத்துக்கு ஊழியம் செய்யப் போறீங்கன்னு. சொந்த ஜனம் எப்ப சாப்பிடும்னே எனக்குத் தெரியல.

—நீ நோன்பு இருக்கிறது இல்லையா?

—இருக்கேனே. காலையில சோயா பால் காபி. மத்தியானம் காளான் பர்கர். ராத்திரிக்குப் பாலில்லாத ஐஸ்கிரீம்.

—அது நோன்பா, கல்யாண விருந்தா?

—சிரிக்க வெக்காதீங்க. எனக்கு அழுகையா வருது.

—சரி, சரி. கொஞ்சம் மெதுவா போ மகளே. நான் உன்னை மாதிரி இருபத்தஞ்சு வயசுக் குமரி இல்ல.

—மெதுவா போக நேரமில்ல தாசோனி. முதல்ல வேர்க்கும். அப்புறம் கை நடுங்கும். பேச்சு குழறும், ஆளு யாருன்னு தெரியாது. அதுக்கு அப்புறம் மயக்கம்தான். மூளைக்கு ஏதாவது ஆகிடுச்சுன்னா திரும்பக் கொண்டு வர முடியாது.

—ஒரு நாளு போட்டதுக்கேவா?

—ஒரு நாளே போதும். அவங்க செத்துட்டா நான் கொன்னதுதான். எங்க குழுத் தலைவர் டாக்டர் ராமி விதி அது இதுன்னு ஆறுதல் சொல்லுவார். எனக்குத் தெரியும்ல யாரு செஞ்சதுன்னு.

—வாயில வரக்கூடாதது வருது, நிறுத்து. முப்பது வருசமா நோன்பு இருக்கோம், சர்க்கரையும் இருக்கு. கன்னிமாதா ஒருத்தியையும் விட்டதில்ல.

—முப்பது வருசமா அவங்களுக்கு யாரும் சூரியன் வரைஞ்சு குடுக்கல.

—இங்க சேறு, ஓரமா வா.

—இங்க ரெண்டா பிரியுதே. எந்தப் பக்கம்?

—இடது. இல்ல... இரு. தொழுவம் எந்தப் பக்கம் இருந்துச்சு? வலது பக்கம் போ.

—தாசோனி, நீங்க இந்த ஊருதானே?

—கரும்பு வளர்ந்து மறைச்சிருச்சு. வெட்டினப்புறம் வந்தா ஒரு குழப்பமும் இருக்காது. நட, நட. அவளை முதல்ல பாப்போம், மத்ததெல்லாம் அப்புறம்.

—உங்க கையைக் குடுங்க, வாய்க்காலைத் தாண்டணும். ஐயோ, கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?

—இப்பத்தானே கால்வாயில கழுவினேன்.

—எப்ப கழுவினீங்க?

—கழுவினேன். அதோ தெரியுது பாரு, நீலக் கதவு. நீ முன்னால ஓடு. நான் பின்னாலயே வர்றேன், மரீனா.

—யுஸ்தினா.

—அதான், யுஸ்தினா. ஓடு.

—உம் வஹீப். உம் வஹீப், கதவைத் திறங்க. நான் டாக்டர். நேத்து மருந்து குடுத்த டாக்டர். தாசோனி, சத்தமே இல்ல. கதவை உடைக்கவா?

—எதுக்குடி கதவை உடைக்கிறே? எருமைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன். வா எங்கண்ணு, உள்ள வா. ஏன் இப்படி மூச்சு வாங்குது?

—நீங்க நல்லா இருக்கீங்களா? வேர்க்குதா? தலை சுத்துதா? கையை நீட்டுங்க, விரலைக் காட்டுங்க.

—எனக்கு என்ன கேடு? நேத்து ஒரு தடவை குத்தினது போதாதா?

—காலையில மாத்திரை போட்டீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

—போட்டேனே. நீ வரைஞ்ச மாதிரியே ரெண்டு. ஃபூல் மொச்சையும் ரெண்டு ரொட்டியும் தின்னுட்டுத்தான் போட்டேன்.

—சாப்பிட்டீங்களா? நோன்பு?

—மெதுவா பேசு, வெளிய கேக்கப் போவுது. பாவசங்கீர்த்தனத்துல நம்ம பாதிரியார் அபூனாகிட்டச் சொன்னேன், சர்க்கரை ஏறிப்போச்சுன்னு. இந்த வருசம் நீ நோன்பு இருந்தா எனக்குக் கோவம் வரும்னுட்டாரு. வெக்கமா இருக்கு எங்கண்ணு. யாருகிட்டயும் சொல்லாத.

—சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன். கடவுளுக்கு ஸ்தோத்திரம். என் உயிர் இப்பத்தான் வந்துச்சு. தாசோனி, கேட்டீங்களா? சாப்பிட்டிருக்காங்க. நம்ம பஸ்ஸைக்கூடப் பிடிச்சிடலாம். தாசோனி?

—அவளை ஏன் அங்க வெயில்ல உக்கார விட்டே?

—வேகமா கூட்டிட்டு வந்துட்டேன். களைச்சுப் போயிட்டாங்க.

—களைப்பா? அங்கியெல்லாம் வேர்வையில நனைஞ்சு கிடக்கு, என்னையப் பாத்து யாருன்னு கேக்குறா. உன் பையில இனிப்பு ஏதாவது இருந்தா முதல்ல அவ வாயில போடு மகளே. நேத்து எனக்குப் பின்னால கடைசி ஆளா நின்னு, அதே சூரியன் போட்ட பையை உன் கையால வாங்கினவ அவதான்; நீ சீட்டைப் பாத்தே, முகத்தைப் பாக்கல.