உலையின் தொண்டை

எதையும் வீணாக்கினால் எனக்குப் பிடிக்காது. தேய்ந்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைத்துக் குளிக்கிறவன் நான். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நீங்கள் கேட்பதற்கு அதில்தான் பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் ஆலையில் கறுப்பு மணலிலிருந்து பெயின்டுக்கான வெள்ளைப் பொடி எடுக்கிறோம். அதற்குக் குளோரின் வாயு வேண்டும். மணலில் இருக்கும் இரும்பு சும்மா இருக்காது. பாதி வழியில் குளோரினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும்புக் குளோரைடு என்ற கழிவாக வெளியே வந்துவிடும். அத்தனை நல்ல வாயுவையும் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கழிவை ஆக்சிஜனோடு சேர்த்துச் சுட்டால் இரும்பு துருப்பொடியாக ஒதுங்கிவிடும், குளோரின் விடுபட்டுத் திரும்பி வரும். அதற்கான உலையைக் கட்டியவன் நான். ஆலையில் 'அண்ணன் உலை' என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

உலைக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். வாயு வெளியேறும் குழாயில் துரு அடை கட்டும். அந்த இடத்தைத் தொண்டை என்போம். அவ்வப்போது உலையை நிறுத்தி, மூடியைத் திறந்து சுரண்ட வேண்டும்.

பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவர் என் தங்கையின் கணவர். நானே பார்த்து முடித்த சம்பந்தம். தங்கமான மனிதர். போன வாரம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“மச்சான், தொண்டைச் சுவர் காகிதமா இளைச்சிருக்கு. திங்கட்கிழமை மீட்டிங்ல உலையை நிரந்தரமா மூடச் சொல்லப்போறேன்.”

“ஒட்டுப்போட்டு ஓட்டலாமே மாப்ளே.”

“எத்தனை ஒட்டு? பிச்சுக்கிட்டா ஷிஃப்ட்ல இருக்கிற அத்தனை பேரும் காலி. நீங்க பெத்த பிள்ளை மாதிரி கொஞ்சுறீங்க. அது நம்ம தலையில கல்லைத் தூக்கிப் போடப் பாக்குது.”

அவர் சொன்னது சரிதான். சுவர் இளைத்தது எனக்கு முன்பே தெரியும்.

மீட்டிங்குக்கு முன் தொண்டையின் வளைவில் கடைசியாக ஒரு அளவு எடுக்க வேண்டும் என்றார். உலையை நிறுத்திக் கொடுத்தேன். குழாயில் காற்றை ஊதி மிச்ச வாயுவை வெளியேற்றுவது என் வேலை. ஊதவில்லை. ஊதியாகிவிட்டது என்று சொன்னேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அமோனியாவில் நனைத்த துணியைக் கம்பியில் கட்டிக் குழாய்க்குள் விடுவோம். குளோரின் இருந்தால் வெள்ளைப் புகை கிளம்பும். புகை இல்லையென்றால் முகமூடியைக் கழற்றலாம். அன்று நான் துணியைத் தண்ணீரில் நனைத்தேன்.

“புகை வருதா மச்சான்?”

“இல்லை மாப்ளே. நீங்களே பாருங்க.”

எட்டிப் பார்த்துவிட்டு முகமூடியைக் கழற்றினார். வேறு யாராக இருந்தாலும் வாடை பிடித்து விலகியிருப்பார்கள். பல வருட வாயு வேலையில் அவருக்கு மூக்கு செத்துவிட்டது. “உங்க தங்கச்சி சமையல் கருகினாலும் எனக்குத் தெரியாது, அதான் குடும்பம் சண்டையில்லாம ஓடுது” என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

குளோரின் காற்றைவிடக் கனமானது. வளைவின் அடியில் குட்டைத் தண்ணீர்போலத் தேங்கிக் கிடக்கும். அவர் அளவுகோலோடு தலையையும் தோளையும் உள்ளே விட்டார்.

நான்தான் வெளியே இழுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். சாயங்காலம்வரை உயிர் இருந்தது. நுரை தள்ளும் வாயோடு என் தங்கையிடம், “மச்சான் சோதிச்சுட்டுத்தான் விட்டாரு. அவரை ஒண்ணும் சொல்லாதே” என்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறுதல் சொன்னேன். எனக்கும் துக்கம் இருக்காதா?

அமோனியா பாட்டிலின் சீல் உடையாமலே இருந்ததை நீங்கள் கவனித்தது கெட்டிக்காரத்தனம். அதைத் திறந்து கொஞ்சம் கொட்டிவைத்திருக்கலாம். மனசு வரவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். காற்று ஊதாமல் விட்டது நான். துணியைத் தண்ணீரில் நனைத்தது நான். எல்லாம் தெரிந்தே செய்தேன். ஆனால் கொலை என்ற சொல் மட்டும் வேண்டாம். நான் அவரைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. மூச்சை இழுத்தது அவர்தான்.