ஏஞ்சலின் அக்கா வீட்டுக்கு வாங்கிய போர்டு

மதர்போர்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து, அதில் கலர் விளக்கு எரியுமா என்று கேட்கிறார்கள். தங்கள் பிராசசர் அதில் உட்காருமா, எந்த வகை ராம் ஏறும், பெட்டிக்குள் போர்டு அடங்குமா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. இவர்களை நம்பி ஒரு கணினி எப்படி ஓடுகிறது என்பதே எனக்கு வியப்பு.

திலகவதி மேடம், திங்கட்கிழமை மாலை கம்ப்யூட்டர் வகுப்பில் எல்லார் முன்பும் "பாவம், விமல் மறந்துட்டான்" என்றீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு என்மீதே நம்பிக்கை குறைவு. கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். செய்த ஒவ்வொன்றையும் டைரியில் குறிப்பேன். நான் எதையும் மறக்கவில்லை.

காக்களூரில் நான் மெயின்டனன்ஸ் பார்க்கும் கம்பெனியில்தான் அன்பு அண்ணன் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஓட்டினார். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால்தான் அந்த பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆயுத பூஜைக்கு மறுநாள் அது இறங்கி, அவருடைய இடது கையில் நான்கு விரல்கள் போயின. அவரே ஒரு பொத்தானில் குச்சி செருகி வைத்திருந்தார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது.

அது பொய் என்று காட்ட ஒரே ஒரு வீடியோ இருந்தது. கூட வேலை செய்யும் ஜோஷ்வா அன்று காலையில், பூஜைக்குப் போட்ட பூமாலையோடு இருந்த இயந்திரங்களைப் போனில் எடுத்தது. பிறகு பயந்து அழித்துவிட்டான். அதற்குள் அன்பு அண்ணனின் மனைவி ஏஞ்சலின் அக்கா அதை வீட்டுக் கணினியில் ஏற்றியிருந்தார். விசாரணைக்குப் பத்து நாள் இருக்கையில் கணினி படுத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள்.

"விமலு, போர்டு பூட்ச்சுன்றாங்க. எது வாங்கணும்னு நீயே பாத்து சொல்லுப்பா. எனக்கு இன்னா தெரியும்?"

"அந்த வீடியோல இன்னாக்கா கீது?"

"எவனோ மிஷின் டப்பாவத் தொறந்து நீலக் கம்பி சொருவுறான். மூஞ்சி தெரில, கை மட்டுந்தான். பெருசு பண்ணிப் பாத்தா ஆளு தெரிஞ்சிடும்னு வக்கீல் சொல்றாரு."

கட்டிலில் இருந்து அன்பு அண்ணன் சிரித்தார். "நல்லதா வாங்கிக்கினு வாடா. மாட்டறதுக்கு எனக்கு ஆறு விரல்தான் மீதி கீது."

பெட்டியைத் திறந்தேன். பழைய போர்டில் ஒரே ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. அரை மணி நேர சால்டரிங் வேலை. புதிய போர்டுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

தேர்வு செய்ய மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு போர்டுகளில் ஒன்றுதான் அக்கா கணினியில் இருந்த எட்டாம் தலைமுறை பிராசசரை ஏற்கும். திருவள்ளூரில் கடை வைத்திருக்கும் பரத்திடம் அதைக் கேட்டேன்.

"இன்னா தம்பி, போர்டு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? குலம் கோத்திரம்லாம் கேக்குற."

அவருக்குச் சிரிக்கத் தெரிந்தது, வித்தியாசம் தெரியவில்லை. நானே பெட்டிகளின் அச்சைப் படித்துச் சரியானதை எடுத்தேன்.

மாட்டியதும் மின்விசிறி சுற்றியது, திரை வெளிச்சமானது. அக்கா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். உடனே திரை நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. நீங்கள் வகுப்பில் நடத்தியதுதான், மேடம். வீடியோ போன்றவை பதிந்திருக்கும் ஹார்டு டிஸ்க் வட்டு தானாகவே பூட்டிக்கொண்டிருக்கும். பழைய போர்டு இருக்கும்வரை கேட்காமலே திறக்கும். போர்டு மாறினால் அந்த எண் இல்லாமல் திறக்காது. வட்டைக் கழற்றி வேறு எதில் மாட்டினாலும் திறக்காது. பிறகு அக்காவுக்காக நீங்களும் மாட்டிப் பார்த்தீர்கள்.

"இன்னாப்பா நம்பர் கேக்குது?"

"புது போர்டு இல்லக்கா, அப்படித்தான் கேக்கும். பாத்துக்கலாம்."

இரண்டு வருடம் முன்பு அந்தக் கணினிக்கு விண்டோஸ் போட்டவன் நான். அக்காவுக்கு ஈமெயில் இல்லாததால் என் கணக்கில் போட்டேன். ஆகவே அந்த எண் என் கணக்கில்தான் இருந்தது; அதைக் குறித்து வைக்க நான் மறந்துவிட்டதாகத்தான் நீங்கள் நினைத்தீர்கள். போர்டு வாங்கப் போவதற்கு முன்பே அதை அழித்தேன். அழிந்ததா என்று மூன்று முறை பார்த்தேன். பழைய போர்டை, "குப்பைதானக்கா, நானே போட்டுடறேன்" என்று எடுத்துப் போய், இரண்டாக உடைத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். அக்கா நன்றி சொல்லி டீ கொடுத்தார். வலது கையை நீட்டித்தான் வாங்கினேன். அதில் சால்டரிங் சுட்ட நீளமான வடு இருக்கிறது. வீடியோவில் இருந்த கையிலும் அதே வடு. நூறு தடவை அந்த வீடியோவைப் பார்த்தவருக்கு, எதிரே நீண்ட கையைப் பார்க்கத் தெரியவில்லை.

நேற்று விசாரணை முடிந்தது. தப்பு அன்பு அண்ணனுடையது என்றே எழுதிவிட்டார்கள்.

ஆயுத பூஜை அன்று, "நாளைக்கு இருநூறு உருப்படி கூடுதலாக வேண்டும்" என்றார் சூப்பர்வைசர். அதற்காக மறுநாள் காலை ஒரு பொத்தானை உள்ளே நீலக் கம்பியால் இணைத்தேன். மற்றொன்றை மட்டும் தொட்டாலே பிரஸ் இறங்கும். அதை அன்பு அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் இடது கையால் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தபோது வலது முழங்கை அந்தப் பொத்தானில் பட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடிய நேரத்தில் கம்பியைக் கழற்றினேன். குச்சியைச் செருகியவனும் நான்தான்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், மேடம், ஓடுகிற இயந்திரத்துக்குள் கையை விட்டது நான் இல்லையே.