நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில்

நான் ஊசி போட்டால் வலிக்காது என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பதினொரு வருடமாக இந்தத் தோல் கிளினிக்கில் மீசோதெரபி ஊசி போடுகிறேன். முகம் பளபளக்க வைட்டமின் கலவையைத் தோலுக்குள் நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில் இறக்க வேண்டும். ஒரு கன்னத்துக்கு அறுபது குத்து. அதற்கு மேல் ஆழம் போகக் கூடாது. போகத் தேவையும் இல்லை. இங்கே வருகிற பலருக்கு அதற்குக் கீழே பெரிதாக ஒன்றும் கிடையாது.

மரத்துப்போகக் களிம்பு தடவி நாற்பது நிமிடம் உட்கார வைப்போம். அந்த நாற்பது நிமிடமும் கண்ணாடி கேட்டு உயிரை எடுப்பார்கள். டாக்டர் எட்டிப் பார்த்து, "ஸ்கின் ரொம்ப டல்லா இருக்கே" என்று கவலைப்பட்டுவிட்டுப் போவார். அவருடைய வைத்தியம் அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கை.

போன வருடம் என்னோடு வேலை பார்த்த நர்ஸ், ஊசிக் கருவியின் முனையைக் குழாய்த் தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு அடுத்தவர்களுக்குப் போட்டாள். மூன்று பேருக்கு முகத்தில் கட்டி கிளம்பியது. மறுநாள் அல்ல, மூன்று வாரம் கழித்து. குழாய்த் தண்ணீரில் ஒரு கிருமி இருக்கிறதாம். குடித்தால் ஒன்றும் செய்யாது. தோலுக்குள் போனால் நிதானமாக வேலையைக் காட்டும், ஆறினாலும் குழி விழும். மறுநாளே வீங்கினால் எங்களைத் திட்டுவார்கள். மூன்று வாரம் கழித்து வந்தால் புது சோப்பைத் திட்டுவார்கள். டாக்டர் அலர்ஜி என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார், நர்ஸை வேலையை விட்டு நிறுத்தினார். அசட்டுப் பெண். எனக்குக் கவனக்குறைவு என்றாலே பிடிக்காது.

என் தங்கை டிவியில் செய்தி வாசிக்கும் வேலைக்கு முதல் சுற்றுகளில் தேர்வாகியிருந்தாள். கடைசிச் சுற்றான கேமரா டெஸ்ட்டுக்கு ஒரு மாதம் இருந்தது. சின்ன வயதிலேயே கரண்டியைப் பிடித்துக்கொண்டு செய்தி வாசித்தவள். வேறு ஆசையே கிடையாது. செய்திக்குக் குரல் போதாதா என்று நினைத்தேன். அவளுக்குப் பளபளப்பும் வேண்டியிருந்தது.

"நீதான்க்கா போடணும். வேற யாரையும் என் மூஞ்சியத் தொட விடமாட்டேன்" என்று போனில் சொன்னாள். மறுநாள் ஒரு தோழியோடு வந்தாள். என்னைக் காட்டி, "இவங்க இங்க நர்ஸ். கை ரொம்ப நல்ல கை" என்று அந்தத் தோழியிடம் சொன்னாள். கூடப் பிறந்தவள் என்று வாயில் வரவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

மருந்துத் தூளைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் குப்பியில் வரும். நான் கைகழுவும் குழாயைத் திறந்து சிரிஞ்சில் பிடித்தேன். பிறகு கையுறை மாற்றினேன். கன்னத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அறுபது குத்தும் ஒரே இடைவெளி.

"வலிக்கவே இல்லக்கா" என்றாள்.

இருபத்திரண்டாம் நாள் முதல் கட்டி வந்தது. டெஸ்ட் நாளுக்குள் ஒன்பது. அவள் போகவில்லை, அந்த இடத்துக்கு வேறு ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள். "யார் கண்ணு பட்டுச்சோ தெரியலக்கா" என்று என் மடியில் படுத்து அழுதாள். சோப்பைத் திட்டும் அளவுக்குக்கூட அவளுக்கு யோசனை ஓடவில்லை. தினமும் நான்தான் சீழ் எடுத்துக் கட்டுப் போடுகிறேன். அவ்வளவு சுத்தமான கட்டு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது.

சீழிலும் எங்கள் குழாயிலும் ஒரே கிருமி என்று கண்டுபிடித்து சுகாதாரத் துறையிலிருந்து நீங்கள் வந்துவிட்டீர்கள். உங்கள் தாளில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறது. தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். என்னை அந்த அசட்டு நர்ஸோடு சேர்க்காதீர்கள். தெரிந்துதான் செய்தேன். முகத்தை நம்பிப் பிழைக்கக் கிளம்புகிறவளுக்கு, முகம் எவ்வளவு லேசான சமாச்சாரம் என்று யாராவது புரியவைக்க வேண்டும். அதை அக்கா செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

வலது கன்னத்தில் ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டீர்கள். அந்தப் பக்கத்துக்குக் குப்பித் தண்ணீர்தான் கலந்தேன். நன்றாகப் பளபளக்கிறது, பார்த்திருப்பீர்கள். எது போயிற்று என்று தெரிய, தினமும் கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் வேண்டாமா? அடுத்து நீங்கள் பொறாமை என்று எழுதப் போகிறீர்கள். பொறாமை இருந்தால் இரண்டு கன்னத்திலும் அல்லவா போட்டிருப்பேன்.