ஒரு முழம் கூடுதல்

எனக்கு இரைச்சல் ஆகாது. கல்யாண வீட்டில் மேளக்காரர்கள் வாசலுக்கு வந்தால் நான் கொல்லைப் பக்கம் போய் எருமைகளோடு உட்கார்ந்துகொள்வேன். எங்கள் பிலௌலி கிராமத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஹர்பிலாஸ் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. கலவரத்தன்றும் நான் உயர்த்தவில்லை. 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று கோர்ட்டே சொல்லி வழக்கை மூடியாயிற்று. இவ்வளவு தூரம் வந்து கேட்கிறீர்களே என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அரசமரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒரு கிளை தெருவின் குறுக்கே தாழ்ந்து போகிறது. அரசமரத்தில் கத்தி வைப்பது எங்களுக்குப் பாவம். மொகரம் பத்தாம் நாள் அதே தெரு வழியாகத்தான் தாஜியா வரும். மூங்கில் சிம்பும் வண்ணக் காகிதமும் வைத்துக் கோபுரமாகக் கட்டி, முஸ்லிம்கள் தோளில் தூக்கி வருவார்கள். அதைச் சாய்ப்பது அவர்களுக்குப் பாவம். வெட்டவும் கூடாது, சாய்க்கவும் கூடாது. அதனால் என் பாட்டனார் காலத்திலேயே ஓர் ஏற்பாடு செய்துவிட்டார்கள். பிறை தெரிந்ததும் எங்கள் வீட்டார் தரைக்கும் கிளைக்கும் உள்ள உயரத்தை ஒரு மூங்கிலில் அளந்து, வெட்டுப் போட்டு, தாஜியா கட்டுகிறவரிடம் கொடுப்போம். தூக்குகிறவர்களின் தோள் உயரத்தைக் கழித்துக்கொண்டு அவர் கட்டுவார். வேலை முடிந்ததும் மூங்கிலைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். தாஜியாவின் உச்சி இலையைத் தொட்டும் தொடாமலும் கிளைக்கு அடியில் போய்விடும்.

கட்டுகிறவர் ஷுப்ராத்தி மியான். மற்ற மாதங்களில் கட்டிலுக்குக் கயிறு பின்னுவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சின்ன வயதில் வாய்க்காலில் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவர்மீது எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. ஊர்த் தலைவர் பதவிக்கு நான் ஏற்கெனவே இரண்டு முறை நின்று ஓம்வீரிடம் தோற்றிருந்தேன். ஓம்வீர் முரடன், ஆனால் அடிகுழாய் போட்டுக் கொடுத்திருந்தான். என்னிடம் காட்டுவதற்கு என்ன இருந்தது? நியாயபுத்தி இருந்தது. நியாயபுத்தியை யாருக்குக் காட்டுவது? ஊரில் ஒரு சண்டை வந்தால்தானே தீர்த்துவைக்க முடியும். எங்கள் ஊரில் சண்டையே வராது. யோசித்துப் பாருங்கள், என்னைப் போன்ற ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய குறை.

ஒரு சின்னச் சண்டை போதும் என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடக்கூடியது. வெட்டை ஒரு முழம் மேலே போட்டேன். தாஜியா கிளையில் முட்டி நிற்கும். இரண்டு பக்கமும் கொஞ்சம் சத்தம் போடுவார்கள். நான் மொட்டை மாடியிலிருந்து கயிறு போட்டுக் கிளையை ஒரு முழம் தூக்கிப் பிடிப்பேன். மரமும் வெட்டுப்படாது, தாஜியாவும் சாயாது. அந்தக் கயிற்றையும் ஷுப்ராத்தியிடம்தான் திரிக்கச் சொல்லி வாங்கினேன். கிளையின் பட்டை உரியாமல் இருக்கப் பழைய பஞ்சுப் போர்வையைக் கிழித்துச் சுற்றி வைத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் இவ்வளவு பக்குவம் பார்ப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

மூங்கிலை வாங்க வந்த ஷுப்ராத்தி வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"என்னப்பா ஹர்பிலாசு, போன வருஷத்துக்கு இது ஒரு முழம் மேல நிக்குதே?"

"மழைக்குக் கிளை தூக்கிக்கிச்சு, மியான்."

"கிளையாச்சும் ஒசருதே. நாமதான் வருஷா வருஷம் கூனிக்கிட்டே போறோம்" என்று சிரித்தார்.

மரம் அவர் தலைக்கு மேலேதான் இருந்தது. நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. எங்கள் வீட்டு மூங்கிலை அவர்கள் சரிபார்க்கிற வழக்கம் கிடையாது. சரிபார்த்தால் எங்களை அவமதித்ததாக ஆகிவிடும் என்று நினைப்பார்கள். அவ்வளவு மரியாதைப்பட்டவர்கள்.

பத்தாம் நாள் மத்தியானம் தாஜியா வந்தது. அழகாக இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். நேரே போய்க் கிளையில் முட்டி நின்றது. நான் கயிற்றோடு மாடியில் தயாராக இருந்தேன். எல்லாம் நினைத்தபடிதான் நடந்தது. ஒன்றைத் தவிர. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

கூப்பிடாமல் நானாகப் போய் மூக்கை நுழைப்பது எனக்குப் பழக்கமில்லை. காத்திருந்தேன். கீழே ஓம்வீரின் ஆட்கள், "வேணும்னே ஒசத்திக் கட்டியிருக்கானுங்க, மரத்த வெட்ட வைக்கப் பாக்குறானுங்க" என்றார்கள். அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன், "அப்ப வெட்டுங்க, என்ன கெட்டுப்போச்சு?" என்றான். அப்போதுதான் ஷுப்ராத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஹர்பிலாசு! அளவு உங்க வீட்டு அளவுதானே? நீயே சொல்லிடுப்பா!"

ஊரே என்னைப் பார்த்தது. அந்த ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் என்னைச் சாட்சிக்குத்தான் கூப்பிட்டார், தீர்த்துவைக்கக் கூப்பிடவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னால் அப்புறம் யார் என்னை நியாயஸ்தன் என்பார்கள்? கொஞ்சம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுக் கயிற்றைப் போடலாம் என்று நினைத்தேன்.

"அளவு சரிதான், மியான். உங்க கைதான் நீண்டுபோச்சு."

சிலர் சிரித்தார்கள். ஷுப்ராத்தி சிரிக்கவில்லை. நான் கயிற்றைப் பிரிப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு செங்கல் வந்து தாஜியாவின் உச்சியைப் பெயர்த்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது பேப்பரில் வந்ததுதான். கரும்பு வெட்டும் கத்திகள் எல்லா வீட்டிலும் இருந்தன. அது அறுவடைக் காலம், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவர்கள் தெருவில் முதல் வீடு எரிய ஆரம்பித்தபோது நான் கீழே இறங்கிவிட்டேன். புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது.

ஷுப்ராத்தி கொல்லை வழியாக வந்தார். நெற்றியில் ரத்தம்.

"நீ வேற ஒண்ணும் செய்ய வேணாம், ஹர்பிலாசு. வெட்டு உங்க வீட்டுல போட்டதுன்னு வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லு. வீடு வீடா கொளுத்திக்கிட்டு வர்றானுங்க. எம் பொண்ணு வீட்டுல தனியா இருக்கு."

அப்போதும் அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அளந்த பிறகு கிளை தாழ்ந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தார். முதலில் தண்ணீர் குடியுங்கள் மியான் என்றேன். என் மனைவி கமலேஷ் அவரை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தீவன அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள்.

கோபத்தில் இருக்கிற கூட்டத்துக்கு முழக்கணக்கு புரியாது என்று அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாறு பேர் வந்துவிட்டார்கள். எல்லாரும் நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள்.

"வீட்டுக்குள்ள யாராச்சும் இருக்காங்களா, மாமா?"

"வீட்டுக்குள்ள யாரும் இல்லப்பா."

இது பொய்யில்லை. ஒருவன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். குடித்துக்கொண்டே முற்றத்தைப் பார்த்தான்.

"அந்த ரூமு?"

"அத நான் இன்னைக்குத் திறக்கலப்பா."

இதுவும் பொய்யில்லை. திறந்தது கமலேஷ். அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். நான் மாடிக்குப் போனேன். கயிறு அங்கேயே கிடந்தது. நல்ல கயிறு, யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சுருட்டி உள்ளே வைத்தேன். கீழே ஷுப்ராத்தி என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். கேட்டது. ஆனால் அப்போது இறங்கிப் போய் என்ன பயன்?

அவர் செத்துப்போனது எனக்கு வருத்தம்தான். நானே கலெக்டரிடம் மனுக் கொடுத்தேன். சமாதானக் கமிட்டி போட்டபோது என்னைத்தான் தலைவராக்கினார்கள். நான் பேசிய பேச்சில் போலீஸ்காரர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தேர்தலிலும் ஜெயித்தேன். ஷுப்ராத்தியின் தெருவில் அப்போது ஓட்டுப் போட யாரும் இல்லை, முகாமில் இருந்தார்கள். என் பதவிக் காலம் முழுக்க எங்கள் ஊரில் ஒரு சண்டை கிடையாது. கமலேஷ் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வேளாவேளைக்குச் சோறு வருகிறது. எனக்குத்தான் இரைச்சல் ஆகாதே.

அடுத்த தேர்தலில் ஓம்வீரின் மகனிடம் தோற்றேன். ஜனங்களுக்கு நன்றி கிடையாது.

இப்போது நாலு குடும்பம் திரும்பி வந்திருக்கிறது. ஷுப்ராத்தியின் மகள் ஜுலேகாவும் வந்திருக்கிறாள். கரும்புக்குள் ஒளிந்து தப்பித்தவள். போன வாரம் பிறை தெரிந்த மறுநாள் என் வாசலில் வந்து நின்றாள்.

"சாச்சா, இந்த வருஷம் தாஜியா கட்டலாம்னு இருக்கோம். அத்தா வேலை எனக்குக் கொஞ்சம் வரும். அளவு மூங்கில் உங்க வீட்டுலதானே இருக்கு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருக்கிறது அம்மா, பத்திரமாக இருக்கிறது என்றேன். புதிதாக அளக்கலாம் என்றுதான் நினைத்தேன். முழங்கால் வலி, அந்த வருஷம் போட்ட வெட்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனாள். அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தீபாவளி முடிந்ததும் தேர்தல். கயிற்றை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன், எலி கடிக்கவில்லை. போன தடவை எங்கே பிசகியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைக் கூப்பிடாததால் வந்த வினை அவ்வளவும். இந்தத் தடவை கூப்பிடுவார்கள்.