ஏழாவது வரி

பழைய டீசல் இன்ஜினுக்குக் காலையில் ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும், சார். கிளப்பியவுடன் அதை விரட்டக் கூடாது. ஆயில் மேலே ஏற வேண்டும், பிரேக்குக்கான காற்று டேங்கில் நிரம்ப வேண்டும். அந்த ஐந்து நிமிடம் பொறுக்காதவன் கையில் எந்த வண்டியும் தேறாது. எங்கள் லாரி இருபத்தாறு வருஷம் உழைத்தது அதனால்தான் என்று சொல்வேன்.

ஆறு சிலிண்டர், டர்போ வைத்தது. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கைவேலை. ஆயில் பதினாறு லிட்டர் பிடிக்கும். வால்வு இடைவெளியை இன்ஜின் ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும்; சூட்டில் அளந்தால் கணக்குத் தப்பும். இரண்டு முறை அதை முழுசாகப் பிரித்துக் கோத்திருக்கிறேன். சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் முரண்டு பிடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

அதை ஓட்டியவன் என் தங்கை புருஷன். மலை மேல் இருக்கும் கல் குவாரியில் எல்லோரும் அவனைப் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள், வேகம் அப்படி. கலகலப்பான ஆள். அவன் உள்ளே வந்தால் ஒர்க்ஷாப்பே சிரிக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவான், அதுவும் என் தங்கை சொல்லிக் கொடுத்தது.

குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வெளியே போகும் முன் அதன் நிலையை மெக்கானிக் நோட்டில் வரி வரியாக எழுத வேண்டும். டிரைவர் படித்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பைலட்டுக்கு நான் படித்துக் காட்டுவேன். பதினோரு வருஷம், ஒரு நாள் விடாமல். அவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பான். "சரி மச்சான், கொண்டா" என்று வாங்கிக் கையெழுத்துப் போடுவான்.

போன வருஷம் ரேடியேட்டர் ஹோஸ் இளகியிருந்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தரம் தண்ணீர் பார்க்கச் சொல்லி எழுதினேன், படித்தும் காட்டினேன். அவன் பார்க்கவில்லை. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டும் நிறுத்தவில்லை. இன்ஜின் நடுவழியில் இறுகி நின்றுவிட்டது. முதலாளி நோட்டைத் தூக்கி அவன் முன்னால் போட்டார்.

"இதை உனக்குப் படிச்சுக் காட்டினானா இல்லையா?"

பைலட் தரையைப் பார்த்தான். "இல்ல முதலாளி. அன்னிக்கு மச்சான் இதைப் படிக்கல."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "எழுதினா ஆச்சா? படிச்சுச் சொல்ல வாய் வலிக்குதா உனக்கு?"

எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவன் வேலை போயிருக்கும், என் தங்கை வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. அன்றிலிருந்து எனக்கு ஊமை மெக்கானிக் என்று பெயர் வந்தது. நேற்று வேலைக்கு வந்த டயர்காரன்கூட "ஊமையண்ணே, ஸ்பானர் குடுங்க" என்பான். இருபத்துமூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இன்ஜினை மறுபடி கோத்தேன்.

பைலட் பிறகு மன்னிப்புக் கேட்டான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, "வேலை போயிடும்ங்கிற பயத்துல உளறிட்டேன் மச்சான், மனசுல வச்சுக்காத" என்றான். "விடு மாப்ள" என்றேன். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

விபத்துக்கு முந்தின நாள் எக்ஸாஸ்ட் பிரேக்கைக் கழற்றினேன். புகைக் குழாயில் ஒரு மூடி இருக்கும், சார். டிரைவர் காலால் பொத்தானை அழுத்தினால் அது புகையை அடைக்கும். இன்ஜினே வண்டியை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். மலை இறக்கத்தில் சக்கர பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறி, பிடிக்காமல் போய்விடும். கீழ் கியரில் மெதுவாக இறங்கினால் சமாளிக்கலாம், ஆனால் பைலட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மூடியை இயக்கும் பாகத்தில் காற்று கசிந்தது. புதுசு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கழற்றிவிட்டுக் காற்றுக் குழாயை அடைத்து வைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

நோட்டிலும் எழுதினேன். ஏழாவது வரி: "எக்ஸாஸ்ட் பிரேக் இல்லை. பாரம் ஏற்றி மலை இறங்கக் கூடாது." உங்கள் மேஜையில் இருக்கிறதே அந்த நோட்டு, பாருங்கள். அடித்தல் திருத்தல் இருக்காது.

மறுநாள் காலை பன்னிரண்டு டன் கல்லோடு வண்டி நின்றது. பைலட் இன்ஜினைக் கிளப்பினான். நான் படியில் ஏறி நின்று படித்தேன். ஆயில், தண்ணீர், பெல்ட், டயர், விளக்கு, சக்கர பிரேக். ஆறு வரி. அதற்குப் பிறகு எட்டாவதைப் படித்தேன், கண்ணாடி துடைக்கும் வைப்பர் மாற்றியாயிற்று என்று. "அப்பாடா, அதையாவது மாத்தினியே" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

ஐந்து நிமிடம் ஓடவிட்டான். அந்த ஒன்றில் மட்டும் என் பேச்சைத் தட்ட மாட்டான். மூன்றாவது நிமிடத்தில் என் தங்கை பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணே, பல்வலி உயிர் போகுது. இவரோடயே கீழ போய்ப் பிடுங்கிட்டு வந்துடறேன்."

கதவை நான்தான் திறந்துவிட்டேன். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. நோட்டைத் திறந்து ஏழாவது வரியில் விரலை வைத்தேன். ஆனால் அவள் ஏறினாள் என்பதற்காகப் படித்தால், அவனுக்கு வேண்டுமென்றே படிக்காமல் விட்டேன் என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆறு சிலிண்டரும் ஒரே சீராக ஓடின.

நான்காவது வளைவில் லாரி தடுப்பை உடைத்துக்கொண்டு விழுந்தது. பைலட் அங்கேயே போய்விட்டான். தங்கைக்கு இடுப்பெலும்பு முறிந்தது, பிழைத்துக்கொண்டாள். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்து ஏழாவது வரியைப் பார்த்தார்கள், கையெழுத்தைப் பார்த்தார்கள். படித்துக் காட்டினேன் என்றேன், நம்பினார்கள். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். முதலாளி என் தோளைத் தட்டி, "இந்தத் தடவை நீ சரியாத்தான் செஞ்சிருக்கே" என்றார். இப்போது யாரும் என்னை ஊமை என்று கூப்பிடுவதில்லை.

நேற்றுதான் ஆஸ்பத்திரியில் தங்கை வாய் திறந்து பேசினாள். "பொத்தானை மிதிச்சு மிதிச்சுப் பாத்தாரு அண்ணே. 'உங்கண்ணன் படிச்சிருப்பாரு, நான்தான் காதுல வாங்கல'ன்னு சொன்னாரு. கடைசியா அதான் சொன்னாரு." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க படிச்சீங்கதானே?"

தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். விடியும் வரை அங்கேயே இருந்துவிட்டு இங்கே வந்தேன், சார். செத்தவன் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அது தப்பு. போன வருஷம் அவன் முதலாளியிடம் சொன்னது பொய்; அந்தப் பொய்யை நான் இப்போது உண்மையாக்கிவிட்டேன், அவ்வளவுதான். ஏழாவது வரியை வேண்டுமென்றுதான் படிக்கவில்லை. அவன் உயிரோடு திரும்ப மாட்டான் என்று தெரிந்துதான் படிக்கவில்லை. அவள் ஏறிய பிறகும் படிக்கவில்லை.

எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேண்டாம், பொறுங்கள், முதலில் வாசித்துக் காட்டுங்கள். எனக்குப் படிக்கத் தெரியும், இருந்தாலும் நீங்களே வாசியுங்கள். ஒரு வரி விடாமல் வாசியுங்கள், சார்.